விறகு ஃபர்னஸும் பேக்கப் ஹீட்டிங்கும்: தெர்மோஸ்டாட் வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்மென்டில் ஒரு விறகு ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும் உலை), பக்கத்திலேயே கேஸிலோ எண்ணெயிலோ கரண்டிலோ ஓடும் இன்னொரு ஃபர்னஸ், இரண்டுக்கும் ஒரே டக்ட் (காற்றுக் குழாய்). கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊர்ப்புற வீடுகளில் இது சாதாரணமான ஏற்பாடு. விறகு எரியும்வரை வீடு அதிலேயே சூடாக வேண்டும், விறகு தீர்ந்ததும் யாரும் எதையும் தொடாமல் மற்றது, அதாவது பேக்கப், தானாக ஓட வேண்டும். எல்லோரும் கேட்பது இதைத்தான். கீழே சொல்வதெல்லாம் அந்த நாடுகளில் புழங்கும் 24 வோல்ட் கட்டுப்பாட்டு வயரிங்கை வைத்துத்தான். உங்கள் ஃபர்னஸோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

முதலில், எந்த வயர் எதற்கு?

தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஃபர்னஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாக இறக்குகிறது, அந்த 24 வோல்ட் ஆர் (R) முனை வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் ஆரையும் ஹீட்டிங்குக்கான டபிள்யூவையும் (W) சேர்த்துவிடுகிறது, ஃபர்னஸ் ஓடத் தொடங்குகிறது. ஜி (G) என்பது புளோயர், ஒய் (Y) என்பது கூலிங், சி (C) என்பது டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. வழக்கமாக ஆருக்குச் சிவப்பு, டபிள்யூவுக்கு வெள்ளை, ஜிக்குப் பச்சை, ஒய்க்கு மஞ்சள். ஆனால் இது வழக்கம் மட்டும்தான், உங்களுக்கு முன்னால் கை வைத்தவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். அதனால் வயர் ஃபர்னஸ் பக்கம் எந்த முனையில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

விறகு ஃபர்னஸில் தெர்மோஸ்டாட் உண்மையில் எதைக் கட்டுப்படுத்துகிறது?

நெருப்பை அல்ல, நெருப்புக்குப் போகும் காற்றை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி வயரிங் பாதி புரிந்த மாதிரி.

கேஸ் ஃபர்னஸில் தெர்மோஸ்டாட் ‘சூடு போதும்’ என்று சொன்னால் வால்வு மூடும், சில நொடிகளில் தீ அணைந்துவிடும். விறகில் அப்படிக் கிடையாது. தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கும்போது டிராஃப்ட் ஃபேன் (தீக்குக் காற்று ஊதும் ஃபேன்) ஓடும், அல்லது சின்ன மோட்டார் காற்று டாம்பரை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) திறக்கும், தீ வேகமாக எரியும். போதும் என்றால் ஃபேன் நிற்கும், டாம்பர் மூடும், ஆனாலும் உள்ளே இருக்கும் விறகும் கங்கும் மணிக்கணக்கில் வெப்பம் விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளும் பெரிய புளோயரைத் தெர்மோஸ்டாட்டிடம் ஒப்படைக்க முடியாததற்கு இதுதான் காரணம். பிளீனத்தில் (உலையிலிருந்து சூடான காற்று டக்டுக்குள் போகும் பெட்டி) இருக்கும் ஃபேன்-லிமிட் கன்ட்ரோல் சூட்டை நேரடியாக உணர்ந்து புளோயரை ஓட்டும், தெர்மோஸ்டாட் என்ன சொன்னாலும் சரி. விறகுத் தெர்மோஸ்டாட் மூலம் புளோயரை நிறுத்தும்படி யாராவது வயர் செய்து வைத்திருந்தால் அதை உடனே மாற்றுங்கள். தீ எரிய, காற்று நகராமல் இருந்தால் உலைச் சுவரும் டக்டும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஒரு தெர்மோஸ்டாட் போதுமா, இரண்டு வேண்டுமா?

இரண்டு போடுங்கள். ஒன்றை வைத்தும் செய்யலாம், வழி கீழே இருக்கிறது. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த வீட்டுக்கு வரும் மெக்கானிக்கும் பார்த்த உடனே புரிந்துகொள்ளக்கூடியது இரண்டு தெர்மோஸ்டாட் முறைதான், பழுதுபார்ப்பதும் அதில் சுலபம்.

ஒன்று விறகு ஃபர்னஸுக்கு, இன்னொன்று பேக்கப்புக்கு. விறகுக்கு 21 டிகிரி செல்சியஸ் வைத்தால் பேக்கப்புக்கு 18 வையுங்கள். விறகு எரியும்வரை அறை 18க்கு இறங்காது, பேக்கப் எழாது. விறகு தீர்ந்து வீடு மெல்லக் குளிர்ந்து 18ஐத் தொட்டதும் பேக்கப் ஓடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 அல்லது 3 டிகிரி இடைவெளி இருக்கட்டும். ஒரு டிகிரி வைத்தால், புதிதாக விறகு போட்டுத் தீ பிடித்து சூடு வருவதற்குள் பேக்கப் ஓடிவிடும், எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவும் செய்கிறோம்.

இரண்டையும் எங்கே மாட்டுவது?

ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், வீட்டின் உட்புறச் சுவரில். வேறு வேறு அறைகளில் மாட்டினால் நீங்கள் கணக்குப் போட்டு வைத்த 3 டிகிரி இடைவெளி சில நாள் 5 ஆகும், சில நாள் ஒன்றுமில்லாமல் போகும். வெயில் நேராக விழும் இடம், சூடான காற்று வரும் கிரில்லுக்கு எதிரே, உள்ளே டக்ட் ஓடும் சுவர், இவையெல்லாம் வேண்டாம். சுவரில் வயர் வரும் துளையை அடைத்துவிடுங்கள், சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டால் அது அறையை விடக் குளிராகக் காட்டும். சின்ன வேலை, பலரும் செய்வதில்லை.

சரி, இரண்டு தெர்மோஸ்டாட் முறையில் வயரை எப்படி இழுப்பது?

இரண்டு ஃபர்னஸின் பிரேக்கரையும் இறக்கிவிட்டு மல்டிமீட்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 18 கேஜ் தெர்மோஸ்டாட் கேபிள் போதும். விறகு ஃபர்னஸுக்கு இரண்டு வயர் உள்ளது போதும் என்றாலும் ஐந்து வயர் உள்ளதையே இழுங்கள், பிற்பாடு சி வயர் வேண்டும் என்று சுவரை மறுபடி குடைய வேண்டாம். உலையின் உடம்பிலோ புகைக்குழாய்ப் பக்கத்திலோ கேபிள் போகக் கூடாது, சூட்டில் உறை உருகிவிடும்.

விறகு ஃபர்னஸின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு வயர் விறகுத் தெர்மோஸ்டாட்டின் ஆருக்கு. தெர்மோஸ்டாட்டின் டபிள்யூவிலிருந்து திரும்பி வரும் வயர், லிமிட் சுவிட்ச் வழியாக, டிராஃப்ட் ஃபேன் ரிலேக்கோ (காயிலுக்குக் கரண்ட் வந்தால் காண்டாக்டை மாற்றும் சுவிட்ச்) டாம்பர் மோட்டாருக்கோ. அதன் மறுமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பும். லிமிட் சுவிட்ச் இந்த வரிசையில் கட்டாயம் இருக்க வேண்டும்: பிளீனம் அளவுக்கு மீறிச் சூடானால் தெர்மோஸ்டாட் கேட்டுக்கொண்டே இருந்தாலும் தீக்குப் போகும் காற்று நின்றாக வேண்டும். ஃபர்னஸ் கம்பெனியே இதை உள்ளே செய்து வைத்து, வெளியே இரண்டு முனை மட்டும் விட்டிருந்தால் அந்த இரண்டில் மாட்டினால் முடிந்தது.

பேக்கப் ஃபர்னஸுக்கு வழக்கமான வயரிங்தான். அதன் ஆர், டபிள்யூ, ஜி, சி, கூலிங் இருந்தால் ஒய்யும், அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு. இரண்டு பக்கத்து வயர்களும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டுமே 24 வோல்ட்தானே?

இரண்டும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர். இரண்டின் அலையும் எதிரெதிராக அமைந்தால் இரண்டு ஆருக்கும் நடுவில் 48 வோல்ட் வரும், கட்டுப்பாட்டு போர்டோ ரிலேயோ டிரான்ஸ்ஃபார்மரோ கெட்டுப்போகும். அலை ஒத்துப்போனால் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே தெரியும், ஆபத்து அங்கேதான் அதிகம். ஒரு ஃபர்னஸின் பிரேக்கரை இறக்கிவிட்டு ஒருவர் உள்ளே கை விடுகிறார் என்று வையுங்கள். மற்ற ஃபர்னஸின் 24 வோல்ட் இணைப்பு வழியாகப் புகுந்து, இறக்கிவைத்த ஃபர்னஸின் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் போய் 120 வோல்ட்டாக வெளிவரும். பிரேக்கர் கீழே, வயரில் கரண்ட் மேலே. ஆள் சாகக்கூடிய விஷயம் இது.

ஆர்எச், ஆர்சி என்று இரண்டு முனை உள்ள தெர்மோஸ்டாட்டுகளில் ஒன்று ஹீட்டிங் டிரான்ஸ்ஃபார்மருக்கு, மற்றது கூலிங் டிரான்ஸ்ஃபார்மருக்கு. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரும் இடத்தில் அந்த இரண்டையும் இணைக்கும் ஜம்பரைக் கழற்றியே ஆக வேண்டும். சில புதிய தெர்மோஸ்டாட்டுகளில் ஜம்பர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே இருக்கும், அப்படிப்பட்டதில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள்.

ஒரே தெர்மோஸ்டாட்டில், முதல் நிலை விறகு, இரண்டாம் நிலை பேக்கப் என்று செய்ய முடியாதா?

முடியும். இரண்டு நிலை ஹீட்டிங் தெர்மோஸ்டாட் ஒன்று வேண்டும். டபிள்யூ1 விறகுக்கு, டபிள்யூ2 பேக்கப்புக்கு. தெர்மோஸ்டாட்டுக்கு 24 வோல்ட்டைப் பேக்கப் ஃபர்னஸிலிருந்து எடுங்கள், டபிள்யூ2 நேராகப் பேக்கப்பின் டபிள்யூவுக்குப் போகட்டும். டபிள்யூ1ஐ விறகு ஃபர்னஸில் நேராக மாட்டக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். நடுவில் 24 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலே வையுங்கள்: காயிலின் ஒரு முனை டபிள்யூ1, மறுமுனை பேக்கப்பின் சி. ரிலேக்குக் கரண்ட் வராதபோது விலகியிருக்கும் காண்டாக்ட் விறகு ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் முனைகள் இரண்டிலும். இப்போது இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒன்றையொன்று தொடாமலே வேலை நடக்கும்.

சிக்கல் வயரிங்கில் இல்லை, தெர்மோஸ்டாட்டின் குணத்தில் இருக்கிறது. பல மாடல்கள் முதல் நிலை இத்தனை நிமிடம் ஓடியும் வெப்பம் ஏறவில்லை என்றால் இரண்டாம் நிலையைக் கிளப்பிவிடும். கேஸுக்கு அது சரி. விறகோ, டாம்பர் திறந்து தீ சீறி எழுந்து சூடு அறைக்கு வருவதற்கே நேரம் எடுக்கும், அதற்குள் பேக்கப் ஓடிவிடும். நேரத்தை வைத்து முடிவெடுக்காமல் டிகிரி வித்தியாசத்தை வைத்து இரண்டாம் நிலைக்குப் போகும்படி அமைக்கக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அப்படிக் கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் சொல்கிறேன், இரண்டு தெர்மோஸ்டாட்.

விறகு சூடாக இருக்கும்போது பேக்கப் ஓடவே கூடாது. அதற்கு வயரிங் உண்டா?

உண்டு, இன்டர்லாக் என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பாகச் செய்த இன்டர்லாக்கை விட இன்டர்லாக்கே இல்லாதது மேல்.

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை: விறகுத் தெர்மோஸ்டாட் கேட்கும்போது பேக்கப்பைத் தடுத்துவிடலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் விறகு தீர்ந்துபோன இரவை நினைத்துப் பாருங்கள். வீடு குளிர்கிறது, விறகுத் தெர்மோஸ்டாட் கேட்டுக்கொண்டே இருக்கிறது, உலையில் தீ இல்லை, பேக்கப்போ தடுக்கப்பட்டிருக்கிறது. காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருக்கும். பேக்கப் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையையே இந்த வயரிங் கெடுத்துவிடும்.

ஆகவே இன்டர்லாக் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட்டின் கோரிக்கையை அல்ல, விறகு ஃபர்னஸின் பிளீனத்தில் உண்மையிலேயே சூடு இருக்கிறதா என்பதை. வழி இரண்டு. பிளீனத்தில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் சேரும் தனி வெப்ப சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி அதன் மூலம் ரிலேயை ஓட்டலாம். அல்லது ஃபேன்-லிமிட் கன்ட்ரோலிலிருந்து விறகு புளோயருக்குப் போகும் 120 வோல்ட்டிலேயே 120 வோல்ட் காயில் உள்ள ரிலே ஒன்றை மாட்டலாம், புளோயர் ஓடும்போதெல்லாம் ரிலேயும் இழுக்கும். இரண்டிலும் ரிலேயின் சேர்ந்திருக்கும் காண்டாக்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அதாவது ரிலேக்குக் கரண்ட் வராதபோது பேக்கப்பின் வழி இணைந்தே இருக்கும். ரிலே காயில் எரிந்தாலும், வயர் அறுந்தாலும், விறகு ஃபர்னஸின் பிரேக்கர் விழுந்தாலும் பேக்கப் ஓடும்.

அந்தக் காண்டாக்டைப் பேக்கப்பின் டபிள்யூ வயரில் மட்டும் வையுங்கள். ஆரை அறுக்காதீர்கள், கூலிங்கும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து செத்துவிடும். பேக்கப்புக்கு வரும் 120 வோல்ட்டை அறுப்பது இன்னும் மோசம், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் புளோயர் நின்று உள்ளே இருக்கும் சூடு அப்படியே தங்கிவிடும். டபிள்யூவை அறுத்தால் பர்னர் மட்டும் முறையாக நிற்கும், புளோயர் தன் நேரம் முடியும்வரை ஓடிக் குளிர்விக்கும்.

தீ அடங்கும் நேரத்தில் விறகு புளோயர் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். புளோயரிலிருந்து இன்டர்லாக் எடுத்தால் பேக்கப்பும் அதோடு சேர்ந்து ஆடக்கூடும். தனி வெப்ப சுவிட்ச் வைப்பதே எனக்குப் பிடித்த முறை, சேரும் சூட்டுக்கும் விலகும் சூட்டுக்கும் நல்ல இடைவெளி உள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் இந்த ஆட்டம் இருக்காது.

என் விறகு ஃபர்னஸுக்குச் சொந்த புளோயர் இல்லை. கேஸ் ஃபர்னஸின் புளோயர்தான் காற்றைத் தள்ளுகிறது. அதை எப்படி ஓட்டுவது?

விறகு ஃபர்னஸின் ஃபேன் கன்ட்ரோலிலிருந்து 120 வோல்ட்டை நேராக கேஸ் ஃபர்னஸின் மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள். பழைய வகை மோட்டாரில் வேகத்துக்கு ஒரு வயர் இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு வேக வயர்களுக்குக் கரண்ட் போனால் மோட்டார் எரியும். புதிய ஈசிஎம் மோட்டாரில் (வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் வகை) இந்த முறையே செல்லாது. ஃபேன் கன்ட்ரோல் ஒரு ரிலேயை இழுக்கட்டும், அந்த ரிலேயின் காண்டாக்ட் கேஸ் ஃபர்னஸ் போர்டில் ஆரையும் ஜியையும் சேர்க்கட்டும். புளோயர் ஓடும், போர்டுக்கும் விஷயம் தெரியும். ஆனால் ஜி மட்டும் வந்தால் குறைந்த வேகத்தில் ஓடும் போர்டுகளும் உண்டு, விறகு ஃபர்னஸ் கேட்கும் அளவுக்குக் காற்று வருகிறதா என்று கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படி வரிசையாக இணைக்கும்போது காற்று முதலில் கேஸ் ஃபர்னஸ் வழியாகவும் அப்புறம் விறகு ஃபர்னஸ் வழியாகவும் போக வேண்டும். மாற்றிப் போட்டால் விறகின் சூட்டுக் காற்று கேஸ் ஃபர்னஸின் மோட்டார் மேலும் போர்டு மேலும் அடிக்கும். பக்கத்துப் பக்கமாக இணைத்திருந்தால் ஒன்றின் காற்று மற்றதற்குள் திரும்பிப் போகாதபடி தடுப்பு டாம்பர் வேண்டும்.

ஃபேன்-லிமிட் கன்ட்ரோலில் என்ன அளவு வைப்பது? அதில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறதே, அது என்ன?

பெரும்பாலும் பார்ப்பது ஹனிவெல் எல்4064பி மாதிரியானது: வட்ட டயல், மூன்று முள். ஒன்று புளோயர் நிற்கும் சூடு, அடுத்தது ஓடத் தொடங்கும் சூடு, மூன்றாவது லிமிட். ஃபாரன்ஹீட்டில் எழுதியிருக்கும். 100க்கு நிற்க, 130 அல்லது 140க்கு ஓட, 200க்கு லிமிட் என்பது பரவலாகக் காணும் அமைப்பு, ஆனால் உங்கள் ஃபர்னஸ் கையேடு சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை. டயலைக் கையால் சுழற்றாதீர்கள், உள்ளே இருக்கும் சுருள் திருகிக்கொண்டு அளவு கெட்டுவிடும். ஒரு கையால் டயலை அசையாமல் பிடித்துக்கொண்டு முள்ளை மட்டும் நகர்த்துங்கள்.

அந்தத் தகடு ஃபேன் பக்கத்தையும் லிமிட் பக்கத்தையும் இணைக்கும் ஜம்பர். இரண்டு பக்கமும் 120 வோல்ட் என்றால் அது இருக்கலாம். புளோயர் 120 வோல்ட்டிலும் லிமிட் 24 வோல்ட் தெர்மோஸ்டாட் வழியிலும் இருந்தால் அந்தத் தகட்டை உடைத்து எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 120 வோல்ட் தெர்மோஸ்டாட் வயரில் இறங்கிவிடும். பழைய கன்ட்ரோலைக் கழற்றிப் புதியது மாட்டும்போது இது கண்ணில் படாமல் போவது வழக்கமான தவறு.

பேக்கப் ஹீட் பம்ப் என்றால்?

அப்போது இன்டர்லாக் கட்டாயம். ஹீட் பம்பின் உட்புறக் காயில் வழியாக விறகின் சூடான காற்று போகும்படி இருந்தால், ஹீட் பம்ப் ஓடும் நேரத்தில் அதன் உள் அழுத்தம் எகிறி பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும், அடிக்கடி அப்படி நடந்தால் கம்ப்ரஸருக்கே கேடு. காயிலுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தட்டும் விறகுச் சூட்டைத் தாங்காது. காற்று முதலில் காயிலைக் கடந்து அப்புறம்தான் விறகு ஃபர்னஸுக்குப் போக வேண்டும். வயரிங்கில், பிளீனம் சூடாக இருக்கும்போது கம்ப்ரஸரை ஓட்டும் ஒய் வயர் அறுபட வேண்டும், கரண்ட் ஹீட்டருக்குத் தனியாக டபிள்யூ வயர் இருந்தால் அதுவும்தான்.

வெளியே நிற்கும் விறகு பாய்லர், பிளீனத்தில் வெந்நீர்க் காயில். இதற்கு?

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், ஏனென்றால் எல்லாக் கட்டுப்பாடும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்துவிடும். வெந்நீர் வரும் குழாயில் இரண்டு பக்கமும் மாறும் அக்வாஸ்டாட் (குழாயின் சூட்டை உணர்ந்து மாறும் சுவிட்ச்) ஒன்றைக் கட்டுங்கள். தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் டபிள்யூ வயர் அக்வாஸ்டாட்டின் பொது முனைக்கு. குழாய் சூடாக இருந்தால் அது கேஸ் ஃபர்னஸின் ஜிக்குப் போகும், புளோயர் மட்டும் ஓடி வெந்நீரின் சூட்டை எடுத்துக்கொள்ளும். குழாய் குளிர்ந்துவிட்டால் அதே கோரிக்கை கேஸ் ஃபர்னஸின் டபிள்யூவுக்குப் போகும், பர்னர் எரியும். ஒரே தெர்மோஸ்டாட், ஒரே வெப்பநிலை, மாறுவதே வீட்டில் யாருக்கும் தெரியாது. மாறும் சூட்டை 55 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கிப் பாருங்கள், கிரில்லில் வரும் காற்று குளிர்ச்சியாகத் தோன்றினால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டின் ஜி வயரையும் கூலிங்குக்காக அதே ஜியில் மாட்டியிருந்தால் ஒரு கவனம்: யாராவது ஃபேன் பட்டனை ஆன் செய்தால் கரண்ட் அக்வாஸ்டாட் வழியாகத் திரும்பி டபிள்யூ பக்கம் வரும். குழாய் குளிர்ந்து அக்வாஸ்டாட் மாறியதும் அந்த வழி அறுந்துவிடும் என்பதால் பெரிய தீங்கு இல்லை, ஆனால் தெர்மோஸ்டாட் குழம்பும் மாடல்கள் உண்டு. நடுவில் ஒரு ரிலே வைத்துப் பிரித்துவிட்டால் நிம்மதி.

பேக்கப் சுவரடிக் கரண்ட் ஹீட்டர்கள். அதே தெர்மோஸ்டாட்டில் சேர்க்கலாமா?

கூடாது. அவை பெரும்பாலும் 240 வோல்ட், 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டில் மாட்டினால் தீப்பிடிக்கும். அவற்றுக்கென்று இருக்கும் தெர்மோஸ்டாட்டுகளை 17 அல்லது 18 டிகிரியில் வைத்துவிடுங்கள், வேறு எந்த வயரிங்கும் தேவையில்லை.

வைஃபை தெர்மோஸ்டாட் போடலாமா?

பேக்கப்புக்குத் தாராளமாக, சி வயரோடு. வெளியூரில் இருக்கும்போது வீட்டின் சூட்டை போனில் பார்க்க முடிவது விறகு எரிப்பவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

விறகுப் பக்கத்துக்கு பேட்டரியில் ஓடும் சாதாரண தெர்மோஸ்டாட்டே போதும், அதுவே நல்லதும். சி வயர் இல்லாமல் ஓடும் சில வைஃபை மாடல்கள் டபிள்யூ வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை உறிஞ்சிக்கொள்ளும், அந்தச் சிறு கரண்டிலேயே சில ரிலேக்கள் படபடவென்று துடிக்கும். பழக்கத்தைக் கற்றுக்கொண்டு தானே வெப்பநிலையை மாற்றும் மாடல்களும் விறகுக்கு ஒத்துவராது. கேட்டவுடன் வெப்பம் வரும் என்று எதிர்பார்த்து அவை கணக்குப் போடுகின்றன, விறகு அப்படி நடப்பதில்லை.

இரவில் விறகுத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் விறகு மிச்சமாகுமா?

குறைத்த நேரம் முழுக்க டாம்பர் மூடியே கிடக்கும், விறகு எரியாமல் புகையும், அந்தப் புகை புகைபோக்கியில் கிரியோசோட்டாக (தார் போன்ற படிவு) படியும். புகைபோக்கித் தீ விபத்துக்குக் காரணமே அந்தப் படிவுதான். விறகுத் தெர்மோஸ்டாட்டை ஒரே அளவில் வைத்துவிட்டு, தேவைக்கு ஏற்ற அளவு காய்ந்த விறகை மட்டும் போடுங்கள். குறைக்க வேண்டும் என்றால் பேக்கப்பைக் குறையுங்கள்.

கரண்ட் போனால்?

தீ அப்படியே இருக்கும், புளோயர் நின்றுவிடும். அதனால் காற்று டாம்பர் மோட்டார் கரண்ட் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் வகையாக, ஸ்பிரிங் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். திறக்கக் கரண்ட், மூடவும் கரண்ட் என்று இருக்கும் மோட்டார் திறந்த நிலையில் நின்றுவிட்டால் தீ கட்டுக்கடங்காமல் எரியும். விறகு போடும் கதவையும் சாம்பல் கதவையும் திறக்காதீர்கள், புதிதாக விறகு போடாதீர்கள். ஃபில்டரைக் கழற்ற வேண்டுமா, எந்த டாம்பரைக் கையால் திறக்க வேண்டும் என்பது ஒவ்வொரு ஃபர்னஸுக்கும் வேறு, இன்றைக்கே கையேட்டில் படித்து உலைப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பேட்டரி இன்வெர்ட்டர் வைப்பதாக இருந்தால் சுத்தமான சைன் அலை தருவதாக வாங்குங்கள்.

புதிய ஃபர்னஸில் போர்டு இருக்கிறது. அதிலும் இப்படி ரிலே சேர்க்கலாமா?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விறகு ஃபர்னஸ் புகை விதி 2015இல் வந்தது, அதன் கடுமையான இரண்டாம் கட்டம் 2020 மே மாதம் அமலானது. அந்த வரம்புக்குள் எரிப்பதற்காகப் புதிய மாடல்கள் பலவற்றில் காற்றை முழுக்க முழுக்க போர்டே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. போர்டுக்கும் டாம்பருக்கும் நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டுக்கென்று விட்டிருக்கும் முனைகளில் மட்டும் மாட்டுங்கள், அவை காண்டாக்டை மட்டும் எதிர்பார்க்கின்றனவா, வெளியிலிருந்து 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நானே செய்யலாமா?

24 வோல்ட் பக்கம் கவனமாகச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். 120 வோல்ட், டக்ட் இணைப்பு, புகைபோக்கி எல்லாம் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். விறகு ஃபர்னஸுக்கும் கேஸ் ஃபர்னஸுக்கும் ஒரே புகைபோக்கியைப் பகிராதீர்கள். கனடாவில் சிஎஸ்ஏ பி365, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 211 என்று நிறுவும் விதிகள் இருக்கின்றன. கனடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் வெட் (WETT, விறகு வெப்பச் சாதனங்களுக்கான பயிற்சி அமைப்பு) சான்று பெற்ற பரிசோதகரின் அறிக்கையைக் கேட்பது வழக்கம், வேலை முடிந்த பிறகு கேட்டுக்கொண்டு நிற்காமல் முன்கூட்டியே பேசுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. தீ மூட்டும் முன் எப்படிச் சோதிப்பது?

உலையில் விறகு இல்லாமல் தொடங்குங்கள். இரண்டு ஃபர்னஸிலும் ஆர், சி முனைகளுக்கு நடுவில் 24 முதல் 28 வோல்ட் ஏசி காட்ட வேண்டும். அடுத்து ஒன்றின் பிரேக்கரை இறக்கி, அதன் ஆர்-சியில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது வோல்ட் காட்டினால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன, அதைக் கண்டுபிடிக்கும்வரை மேலே போகாதீர்கள். மாற்றி மற்றதையும் அதே மாதிரி பாருங்கள்.

விறகுத் தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் டிராஃப்ட் ஃபேன் ஓட வேண்டும் அல்லது டாம்பர் திறக்க வேண்டும், பேக்கப் அசையக் கூடாது. டாம்பர் திறந்திருக்கும்போதே விறகு ஃபர்னஸின் பிரேக்கரை இறக்குங்கள், டாம்பர் தானாக மூட வேண்டும். அந்த நிலையிலேயே பேக்கப் தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் பேக்கப் எரிய வேண்டும். எரியாவிட்டால் இன்டர்லாக் ரிலேயில் தவறான காண்டாக்டில் மாட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் சின்னதாகத் தீ மூட்டுங்கள். பிளீனம் சூடாகி விறகு புளோயர் ஓடத் தொடங்கியதும் பேக்கப் தெர்மோஸ்டாட்டை 25க்கு ஏற்றிப் பாருங்கள், இப்போது அது எழக் கூடாது. தீ அடங்கி பிளீனம் குளிரும்வரை அதே அளவில் விட்டுவைத்தால், வெப்ப சுவிட்ச் விலகியதும் பேக்கப் தானாக எரிய வேண்டும். கடைசியாக இரண்டு தெர்மோஸ்டாட்டையும் பழைய அளவுகளுக்கு இறக்கிவிட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்ற படத்தை வரைந்து உறையில் போட்டு ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.